‘இரட்டைச் சுருள்’ நூலில் ரோசலிண்டு பிராங்க்ளின்: ஆய்வுக்களமும் எழுத்தறமும்

ஆராய்ச்சி என்பது தனியொருவர் தவம் என்று கருதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த பதிப்பாசிரியரின் உருவம் நம் மனத்தில் நிலைத்து நிற்பதே இதற்குக் காரணம் போலும். ஆயின் பல்கலைக்கழகம் என்னும் அமைப்பு வளர்ந்த பின்னர், ஆராய்ச்சி ஓர் அறையில் பலர் நடுவே நிகழும் தொழிலாயிற்று. அவ்வறையினுள் யார் அமர்கின்றார், யார் பேச்சு யார் செவியில் விழுகின்றது, யார் பெயர் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பன ஆராய்ச்சிக்குப் புறம்பான செய்திகள் அல்ல. ஆராய்ச்சியின் பயனையே அவை முடிவு செய்யக் கூடும். இதனை ஒரு நூலை முன்வைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் எடுத்துக்கொள்ளும் நூல், ஜேம்சு வாட்சன் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இரட்டைச் சுருள்’ என்பது. உயிர்களின் மரபுப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் மூலக்கூற்றின் அமைப்பு 1953-இல் கண்டறியப்பட்ட வரலாற்றை, கண்டறிந்தவருள் ஒருவரே கூறும் தன்வரலாறு அது. அறிவியல் நூலைத் தமிழ்த்துறை ஆராய்வதா என்று வினவுவார் இருக்கலாம். வாட்சன் எழுதியது அறிவியல் விளக்கம் மட்டும் அன்று. கதைமாந்தரும், காட்சியும், முரணும், உச்சமும் உடைய கதை அது. கதை எனின் அது திறனாய்வுக்கு உரியதே.

1. நூலின் பார்வை

நூல் வெளிவந்த வரலாறே அதன் இயல்பைக் காட்டும். ஆர்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இதனை வெளியிட முதலில் இசைந்திருந்தது. நூலில் இடம் பெற்ற பிரான்சிசு கிரிக், மாரிசு வில்கின்சு ஆகிய இருவரும் கையெழுத்துப் படியைக் கண்டு கடுமையாக மறுத்தனர், பல்கலைக்கழகம் பின்வாங்கியது, வேறொரு பதிப்பகம் அச்சிட்டது. ஆக, உயிரோடிருந்த இருவர்க்கு மறுக்கும் வாய்ப்புக் கிட்டிற்று. நூலில் மிகுதியும் இழித்துக் காட்டப்பட்ட ரோசலிண்டு பிராங்க்ளினுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர் 1958-ஆம் ஆண்டு ஏப்பிரல் 16-ஆம் நாள், தம் 37-ஆம் வயதில் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

தாம் கூறுவது பிற்கால மதிப்பீடு அன்று என்றும், நிகழ்ந்த காலத்தில் தம் மனத்தில் பதிந்த எண்ணங்களே என்றும் வாட்சன் முன்னுரையில் ஒரு காப்பு இட்டுக்கொள்கின்றார். இது கூர்ந்து நோக்கத்தக்கது. நூலுள் பேசுபவர் 23 வயதில் கேம்பிரிட்சுக்கு வந்த இளைஞர். நூலை எழுதுபவரோ நாற்பதை அணுகிய பேராசிரியர். 1962-இல் கிரிக்குடனும் வில்கின்சுடனும் நோபல் பரிசு பெற்றவர். இளைஞரின் அறியாமைக்கு மன்னிப்பு உண்டு. ஆயின் எக்காட்சியை வைப்பது, எதனை நீக்குவது, யாரை எப்பெயரால் அழைப்பது என்பவற்றைத் தேர்ந்தவர் அவ்விளைஞர் அல்லர். ‘அன்று அவ்வாறு எண்ணினேன்’ என்னும் கூற்று, ‘இன்று அவ்வாறே எழுதுகின்றேன்’ என்பதற்கு விடையாகாது. கூற்று நிகழ்த்துபவர் ஒருவர், பாடியவர் ஒருவர் என்று பிரித்தறியும் அகப்பாட்டுப் பயிற்சி உடைய நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

2. பெயர்

இந்நூலில் கிரிக்குக்குப் பிரான்சிசு என்ற பெயரும், வில்கின்சுக்கு மாரிசு என்ற பெயரும் வழங்குகின்றன. அவை நண்பர் அழைக்கும் உண்மைப் பெயர்கள். பிராங்க்ளின் மட்டும் பக்கந்தோறும் ‘ரோசி’ ஆகின்றார். அப்பெயரால் அவரை எவரும் நேர்முகமாக அழைத்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் அவர் இல்லாதபோது அவர் முதுகுக்குப் பின் வழங்கிய பெயர் அது. ஆகவே நூலைப் படிப்பவர், தம்மை அறியாமலே, அவர் இல்லாத அறையில் அவரைப் பற்றிப் பேசும் கூட்டத்துள் ஒருவராகிவிடுகின்றார். ஒரு பெயரை வழங்கும் முறையாலேயே வாசகர் இருக்கையை ஆசிரியர் முடிவு செய்துவிடுகின்றார் என்க.

பெயரிடுதல் எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பதை நம் தொகை நூல்கள் காட்டும். தம் பெயர் மறைந்துபோன புலவர் சிலர்க்கு, அவர்தம் பாட்டில் அமைந்த சிறந்த தொடரையே பெயராகத் தொகுத்தோர் இட்டனர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் என்பன அத்தகையன. அங்கே ஆளின் பெயர் மறைந்தது. தொழிலின் சிறப்புப் பெயராய் நின்றது. ‘இரட்டைச் சுருளில்’ நிகழ்வது இதன் மறுதலை. ஆளின் பெயர் இருந்தும் அது நீக்கப்படுகின்றது. நீக்கி இட்ட பெயரில் தொழிலின் சாயல் ஒரு சிறிதும் இல்லை. நிலக்கரியின் நுண்ணமைப்பை ஆராய்ந்து பட்டம் பெற்று, பாரிசு நகரில் நான்காண்டு எக்ஸ் கதிர் முறை பயின்று தேர்ந்த அறிஞர் ஒருவர், அப்பெயரால் சிடுசிடுப்புள்ள பெண் என்னும் ஒரே பண்பாகச் சுருங்கிவிடுகின்றார்.

நூலில் வரும் ஏனைய பெண்டிரையும் இதனோடு சேர்த்துக் காணல் வேண்டும். கிரிக்கின் மனைவியார் ஒடீல் விருந்தளிப்பவர். 1953-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு இரட்டைச் சுருளின் படத்தை வரைந்தவரும் அவரே. வாட்சனின் தங்கையார் எலிசபெத்து அக்கட்டுரையைத் தட்டச்சுச் செய்தவர். அடுக்களையும் ஓவியமும் தட்டச்சும் பெண்பாலார்க்கு இயல்பாகப் பொருந்தி நிற்கும் உலகில், தமக்கெனக் கருவியும் தரவும் முடிபும் உடைய ஒரு பெண் வந்தவுடன் கதை இடர்ப்படுகின்றது. அவரை வைப்பதற்கு அக்கதையில் இடம் இல்லை. ஆகவே அவர் எதிரியாக வைக்கப்படுகின்றார்.

3. கண் கண்டதும் செவி விட்டதும்

பெயரைப் பற்றிய குறை மரியாதைக் குறை மட்டுமே. அறிவுக்கு அதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். இக்கேள்விக்கு நூலே விடை தருகின்றது.

1951-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடந்தது. பிராங்க்ளின் தம் ஆய்வு முடிவுகளை அங்கு எடுத்துரைத்தார். டி.என்.ஏ. இழை உலர்ந்த நிலையில் ஒரு வடிவமும் ஈரம் ஏறிய நிலையில் வேறொரு வடிவமும் கொள்ளும் என்பதை அவரும் அவர் மாணவர் ரேமண்டு காசுலிங்கும் பிரித்தறிந்திருந்தனர். ‘ஏ’ வடிவம், ‘பி’ வடிவம் எனப் பின்னர் வழங்கப்பெற்றவை இவையே. அதற்கு முன் எடுத்த படங்களில் இரண்டும் மயங்கிக் கிடந்தமையால் தெளிவு பிறக்கவில்லை. ஆகவே எந்நிலையில் எவ்வளவு நீர் என்பதே அன்றைய உரையின் உயிர்நாடி. அவையில் வாட்சன் இருந்தார், குறிப்பு எடுக்கவில்லை. அந்நேரத்தில் தம் எண்ணம் எங்கே சென்றது என்பதை அவரே எழுதுகின்றார்: பேசுபவர் கண்ணாடியைக் கழற்றித் தலைமுடியைப் புதுமுறையில் ஒப்பனை செய்துகொண்டால் எவ்வாறு தோன்றுவார் என்று எண்ணினாராம்.

இதனை நகைச்சுவை எனக் கடந்து செல்வோர் உளர். அடுத்து நிகழ்ந்ததை நோக்கினால் நகைக்க இயலாது. சில நாளில் வாட்சனும் கிரிக்கும் ஒரு மாதிரியைக் கட்டினர். மூன்று இழைகளை நடுவில் வைத்துப் பாசுபேட்டுத் தொகுதிகளை உள்ளே அடைத்தனர். கிங்ஸ் கல்லூரியார் அதனைக் காண வந்தனர். நீரின் அளவை வாட்சன் தவறாக நினைவு வைத்திருந்தார் என்பது உடனே வெளிப்பட்டது. உண்மையில் இருக்க வேண்டிய நீர் பன்மடங்கு மிகுதி. பாசுபேட்டுகள் வெளிப்புறத்தில் இருத்தல் வேண்டும் என்பதும் பிராங்க்ளினின் கருத்து. மாதிரி வீழ்ந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் இலாரன்சு பிராகு, இருவரும் இத்துறையை விட்டுவிடுதல் வேண்டும் எனப் பணித்தார். ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் அவர்கள் மாதிரி கட்டவில்லை.

ஒருவர் அவையில் நின்று பேசுகின்றார்; கேட்பவர் கண் அவர் தலைமுடியில் நிற்கின்றது; எண் நழுவுகின்றது; மாதிரி தவறுகின்றது; ஓராண்டு போகின்றது. ஒரு பெண் அறிஞரைப் பெண்ணாக மட்டும் கண்டதனால் அறிவியல் அடைந்த இழப்பை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று ஒன்றைக் காண்பது அரிது. அதனைத் தருபவர் அவர்க்காக வழக்காடுபவர் அல்லர், எதிர்த்தரப்பினர்.

4. ஒரே அறையில் அமர்ந்தவர்

இனி நூலின் மறுபக்கத்தை நோக்குவோம். 1953-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் வாட்சன் நான்கு காரங்களை இணைத்துப் பார்க்க முயன்றார். அவற்றின் வடிவங்களைப் பாடநூலில் கண்டவாறே வரைந்திருந்தார். அதே அறையில் மேசை இட்டிருந்த செரி டோனகியூ என்னும் அமெரிக்கப் படிகவியலார் அதனைக் கண்டு, பாடநூல் வடிவம் தவறு, ஐதரசன் அணு வேறிடத்தில் நிற்றல் வேண்டும் என்று திருத்தினார். அத்திருத்தம் இன்றேல் அடினீன் தைமீனோடும் குவானீன் சைட்டோசீனோடும் இணையும் உண்மை அவ்வாரத்தில் புலப்பட்டிராது. டோனகியூ அம்மூலக்கூற்றை ஆராய வந்தவர் அல்லர். அவர் மேசை அங்கே இருந்தது, அவ்வளவே.

அவ்வறையின் சேர்க்கையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாட்சன் உயிரியல் பயின்ற அமெரிக்கர். கிரிக் இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவர்; முப்பத்தைந்து வயதாகியும் முனைவர் பட்டம் முடிக்காதவர். டோனகியூ வேதியியலார். அவ்வாய்வுப் பிரிவின் தலைவரான மாக்சு பெருட்சு வியன்னாவிலிருந்து வந்த யூதர். துறையாலும் நாட்டாலும் வேறுபட்டவர் ஓரிடத்தில் அமர்ந்து நாள்தோறும் தடையின்றி உரையாடினர். பல்வகையோர் கூடிய களத்தின் பயனுக்கு ‘இரட்டைச் சுருள்’ ஒரு புகழ்மாலை எனலாம். ஆசிரியர் அதனை அறிந்து பாடினாரல்லர் என்பது வேறு. வேற்று நாட்டார்க்கும் வேற்றுத் துறையார்க்கும் திறந்த அவ்வட்டத்தின் வாயில், ஐம்பது மைல் தொலைவில் அதே மூலக்கூற்றை ஆராய்ந்த பெண்ணுக்குத் திறக்கவில்லை. டோனகியூவின் ஒரு சொல் மேசை தாண்டி வந்து பயன்பட்டது. பிராங்க்ளினின் ஓராண்டு உழைப்போ அவர் அறியாமல் சுற்றுவழியில் வந்து பயன்பட்டது.

5. படமும் அறிக்கையும்

அச்சுற்றுவழியின் கதை பலரும் அறிந்ததே. 1952 மே மாதத்தில் பிராங்க்ளினின் வழிகாட்டலில் காசுலிங் எடுத்த ‘51-ஆம் படம்’ என்னும் எக்ஸ் கதிர்ப் படத்தை, 1953 சனவரி இறுதியில் வில்கின்சு வாட்சனுக்குக் காட்டினார். நூலில் இதுவே உச்சக்காட்சி. அதற்குச் சற்று முன்னர்ப் பிராங்க்ளினின் அறையில் ஒரு பூசல்; அவர் அடிக்க வருகின்றார் என அஞ்சி வாட்சன் பின்வாங்குகின்றார்; வெளியே வில்கின்சு வந்து காக்கின்றார்; இருவரும் துன்பம் பகிர்ந்த தோழராகின்றனர்; படம் கைக்கு வருகின்றது. அரக்கியிடமிருந்து தப்பிய வீரனுக்கு அரும்பொருள் கிட்டும் பழங்கதையின் அமைப்பு இது. இவ்வமைப்பில் படத்தை எடுத்தவரிடம் கேட்டல் என்னும் எண்ணம் எழவே வழியில்லை. அரக்கியிடம் எவரும் இசைவு கேட்பதில்லை.

ஆயின் இங்கே நாம் ஒரு பக்கமே சாய்தல் ஆகாது. படம் திருடப்பட்டது என்று பின்வந்தோர் பலர் எழுதினர். பிராங்க்ளின் அப்போது பிர்க்பெக் கல்லூரிக்குச் செல்ல இருந்தார், டி.என்.ஏ. பணியைக் கிங்ஸ் கல்லூரியிலேயே விட்டுச் செல்வது என முடிவாயிருந்தது. காசுலிங் மீண்டும் வில்கின்சின் பொறுப்பில் வந்தமையால் படம் அவர் கைக்கு முறைப்படியே சென்றது. மேலும், கண்டுபிடிப்புக்குப் படத்தினும் மிகுதியாக உதவியது வேறொன்று. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவினர்க்காக 1952 இறுதியில் கிங்ஸ் கல்லூரியார் எழுதிய அறிக்கையில் பிராங்க்ளினின் அளவுகள் இருந்தன. குழுவில் ஒருவராகிய பெருட்சு அதனை வாட்சனுக்கும் கிரிக்குக்கும் காட்டினார். குதிரையின் குருதிப்புரதத்தை ஆராய்ந்துவந்த கிரிக், அதே சமச்சீர் வகை இங்கும் உளதென உணர்ந்து, இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் செல்லுதல் வேண்டும் எனத் துணிந்தார். அறிக்கை மறைபொருள் எனக் குறிக்கப்பெறவில்லை என்று பெருட்சு 1969-இல் விளக்கம் எழுதினார். 2023-இல் மாத்தியூ காபு, நத்தானியல் கம்போர்ட்டு ஆகிய இருவரும் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, பிராங்க்ளின் ஏமாற்றப்பட்டவர் என்பதினும், நால்வர் முயற்சியில் ஒத்த உறுப்பினர் என்பதே பொருந்தும் என நிறுவ முயன்றனர். படத்தைக் கண்டவுடன் எல்லாம் விளங்கிற்று என்பது வாட்சனின் கதைத்திறம் அமைத்த உச்சம் என்பதும் அவர்தம் கருத்து.

இம்முடிபு வாட்சனுக்குச் சார்பானது போலத் தோன்றும். நம் நோக்கில் அஃது அவர் நூலின் குறையை மேலும் தெளிவாக்குகின்றது. திருடப்பட்ட ஒரு படம் என்றால், பிராங்க்ளின் ஒரு நல்ல படத்தை எடுத்த கைவினைஞராகவே எஞ்சுவார். அளவும் சமச்சீரும் நீரின் நிலையும் பிரித்தறிந்தவர் எனின், அவர் சிந்தனையாளர் ஆவார். அவர் குறிப்பேடுகளை ஆராய்ந்த ஆரன் குலூக்கு, வாட்சனின் நூல் வந்த 1968-ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துக்காட்டினார். 1953 பிப்பிரவரி இறுதியில் இரு வடிவங்களும் இரட்டை இழைச் சுருளே என்னும் முடிபுக்குப் பிராங்க்ளின் வந்திருந்தார்.

இச்செய்தியை அக்காலக் கட்டுரைகள் எவ்வாறு பதிவு செய்தன என்பதும் பாடவேறுபாடு நோக்கும் நமக்கு உரிய ஆராய்ச்சி. 1953 ஏப்பிரல் 25-ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலில் வாட்சன், கிரிக். இரண்டாவது வில்கின்சும் துணைவரும். மூன்றாவது பிராங்க்ளின், காசுலிங். சான்று பின்னும் முடிபு முன்னும் நின்றமையால், அடிப்படையாய் இருந்தது உறுதிப்பாடு போலத் தோன்றலாயிற்று. முதற்கட்டுரையின் இறுதியில், கிங்ஸ் கல்லூரியாரின் வெளியிடப்படாத முடிவுகளின் பொதுவியல்பு தம்மைத் தூண்டியது என்று ஒரு நன்றியுரை உளது. அளவுகள் கைக்கு வந்த செய்தி, ‘பொதுவியல்பு’ என்னும் ஒரு சொல்லுள் மறைந்தது. பதினைந்து ஆண்டின் பின்னர் ‘இரட்டைச் சுருள்’ அதனை வெளிப்படையாகக் கூறியது. ஆகவே பிராங்க்ளினை இழித்த நூலே அவர்க்குரிய கடனையும் ஒப்புக்கொண்ட ஆவணமாயிற்று.

6. ஒருவர், மூன்று களங்கள்

பிராங்க்ளின் பழகுதற்கு அரியவர். ஆகவே தனித்து நின்றார் என்பது நூலின் விளக்கம். இயல்பைக் காரணமாகக் காட்டும் இவ்விளக்கத்தை ஆராய்வதற்கு எளிய வழி உண்டு. ஒருவரே வேறு களங்களில் எவ்வாறு இருந்தார் என்று காணுதல் வேண்டும்.

1947 முதல் நான்காண்டுகள் அவர் பாரிசு நகரில் பணிபுரிந்தார். அங்கே ஆடவரும் மகளிரும் ஒரே மேசையில் உண்டு உரக்க வாதிட்டனர். அவ்வாழ்வைத் தம் வாழ்வின் இனிய பகுதியாகக் கருதினார். 1951 தொடக்கத்தில் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார், இரண்டாண்டில் வெளியேறினார். 1953-இல் பிர்க்பெக் கல்லூரியில் சே. டி. பெர்னால் தலைமையில் சேர்ந்து, புகையிலையைத் தாக்கும் தீநுண்மியை ஆராயும் குழுவைத் தாமே அமைத்தார். குலூக்கு அவர்தம் துணைவர். இருவர் கூட்டும் இறுதிவரை நீடித்தது. இன்னும் ஒன்று: 1956-இல் அறுவை மருத்துவம் பெற்றபின் அவர் தங்கி உடல் தேறியது கிரிக் குடும்பத்தினர் இல்லத்தில். ‘ரோசி’ என்னும் பாத்திரத்தை இவ்வில்லத்தில் வைத்து எண்ணிப் பார்க்க இயலுமா?

ஆள் ஒருவரே, களம் மாறியது, ஒழுக்கம் மாறியது. நம் அகத்திணை மரபு முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் கூறி, அதன் பின்னரே உரிப்பொருளுக்குச் செல்லும். பாலையின் வெம்மையை விடுத்துத் தலைவியின் துயரை மட்டும் கூறுபவர் பாட்டைப் பாதியே அறிந்தவர். வாட்சன் நிலத்தை விடுத்து உரிப்பொருளை மட்டும் கூறினார்.

அந்நிலம் எத்தகையது? இதிலும் மிகைப்படுத்தல் ஆகாது. 1975-இல் பிராங்க்ளினின் வரலாற்றை எழுதிய தோழியார் ஆன் சேயர், கிங்ஸ் கல்லூரியைப் பெண்டிர்க்கு அடைத்த கோட்டை போலக் காட்டினார். ஓரசு சட்சன் அதனை மறுத்து, அவ்வாய்வுப் பிரிவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் பெண்டிர் என்று எடுத்துக்காட்டினார். ஆடவர்க்கே உரிய உணவறை ஒன்று இருந்தது. இருபாலாரும் உண்ணும் அறையும் இருந்தது. இவ்விருவருள் யார் கூற்றுச் சரி என்பதினும், இரண்டும் சேர்ந்து உணர்த்தும் உண்மை பெரிது. நான்கில் ஒரு பங்கு என்பது அக்காலத்தில் அரிய எண்ணிக்கை. அவ்வெண்ணிக்கை இருந்தும் பிராங்க்ளின் தனித்து நின்றார். எனவே எண்ணால் மட்டும் களம் செம்மையுறாது என்பது பெற்றாம். சேர்த்தல் வேறு, கலத்தல் வேறு.

கலப்பைக் கெடுத்தது ஒரு கடிதமும் ஆகும். 1950 திசம்பரில் துறைத்தலைவர் சான் இராண்டல் பிராங்க்ளினுக்கு எழுதிய கடிதத்தில், டி.என்.ஏ.வின் எக்ஸ் கதிர் ஆய்வு அவர்க்கும் காசுலிங்குக்குமே உரியதாகும் என்று குறித்தார். அவ்வாய்வை முன்னரே தொடங்கியிருந்த வில்கின்சுக்கு இக்கடிதம் காட்டப்படவில்லை. வில்கின்சு துணைவர் ஒருவர் வருகின்றார் என எண்ணினார். பிராங்க்ளின் தம் பணிக்குத் தாமே தலைவர் என எண்ணி வந்தார். இருவர் எண்ணமும் நேர்மையானவை. வில்கின்சு 2003-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இக்கடிதத்தால் விளைந்த துன்பத்தை மனம் நொந்து விளக்கியுள்ளார். பதவி, பொறுப்பு, எல்லை ஆகியவற்றைத் தெளிவுறக் கூறாத தலைமை, புதிதாக வருபவர்க்கு இழைக்கும் தீங்கு பெரிது. பழகியவர் தெளிவின்மையை நட்பால் நிரப்பிக்கொள்வர். புதியவர்க்கு, அதிலும் அவ்வட்டத்துள் இயல்பாகப் புகவியலாதவர்க்கு, எழுத்தே துணை.

7. பின்னுரையின் இடம்

நூலின் இறுதியில் வாட்சன் ஒரு பின்னுரை சேர்த்துள்ளார். பிராங்க்ளினைப் பற்றிய தம் பழைய எண்ணங்கள் பலவும் தவறு என்றும், அவர் நேர்மையும் பெருந்தன்மையும் உடையவர் என்றும், சிந்தனையில் ஆழ்ந்த ஆடவர்க்குப் பெண்டிர் பொழுதுபோக்கே எனக் கருதும் அறிவியலுலகில் அறிவுடைய பெண் படும் பாட்டைத் தாம் காலந்தாழ்ந்தே உணர்ந்ததாகவும் அதில் எழுதுகின்றார். இதனை வெறும் ஒப்பனை எனத் தள்ளுதல் முறையன்று. சில பத்திகளேயாயினும் அவற்றின் குரல் மெய்யானது.

ஆயின் அமைப்பை நோக்குக. இழிப்பு நூல் முழுதும் காட்சியாக நடக்கின்றது. திருத்தமோ இறுதியில் கூற்றாக மட்டும் வருகின்றது. காட்சி மனத்தில் நிற்கும், கூற்று மறையும். இலக்கியத்தின் இவ்வியல்பை அத்துணை நயமான கதையை எழுதியவர் அறியாதவர் அல்லர். நூல் முழுதும் ‘ரோசி’ என எழுதிப் பின்னுரையில் பெருந்தன்மையைப் போற்றுவது, அவையில் இடம் கொடாது வாயிலில் மாலையிடுவதை ஒக்கும். திருத்தம் மெய்யெனின் அது நூலின் உடலுள் புகுந்திருத்தல் வேண்டும்.

இக்குறையையும் மீறி இந்நூலை ஆய்வு மாணவர் படித்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. ஆய்வுக்களத்தின் பேச்சையும் போட்டியையும் அற்பத்தனத்தையும் இத்துணை வெளிப்படையாகக் காட்டிய நூல்கள் சிலவே. தம்மையும் அவ்வற்பத்தனத்தினின்று ஆசிரியர் நீக்கிக்கொள்ளவில்லை. அதனாலேயே, அவர் கூற விரும்பாத உண்மையும் இதனுள் தங்கிவிட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் போதரும். களத்தில் ஒருவரைச் சேர்த்துவிட்டு உரையாடலில் சேர்க்காவிடின், இழப்பு அவர்க்கு மட்டும் அன்று, அறிவுக்கும் ஆகும். 1951-ஆம் ஆண்டில் நழுவிய நீரின் அளவு அதற்குச் சான்று. ஒருவரின் தனிமைக்கு அவர் இயல்பைக் காரணங்கூறுமுன், அவர் நின்ற நிலத்தை ஆராய்தல் வேண்டும்; பாரிசும் பிர்க்பெக்கும் அதற்குச் சான்று. எழுத்தும் ஒரு களமே. அங்கும் ஒருவரைப் புறத்தே நிறுத்தவியலும். ‘ரோசி’ என்னும் பெயர் அதற்குச் சான்று.

மூன்றாவது செய்தி எழுத்தையே தொழிலாகக் கொண்ட நமக்கு மிகவும் அணுக்கமானது. எக்ஸ் கதிர்க் கருவி நம் துறைகளில் இல்லை. ஆயின் நன்றியுரை உண்டு. முன்னாய்வு மதிப்பீடு உண்டு. ஒருவர் தொகுத்த தரவை மற்றொருவர் பயன்கொள்ளுதல் உண்டு. மாலை நேரத் தேநீர்ப் பேச்சும், அதற்கு அழைக்கப்படாதவரும் உண்டு. ஏடு படியெடுத்தவர், சொல்லடைவு தொகுத்தவர், களத்தில் பாட்டுப் பதிவு செய்தவர் ஆகியோர் பெயர் நம் நூல்களில் எவ்விடத்தில் நிற்கின்றது? ‘பலரும் உதவினர்’ என்னும் தொடருள் எத்துணைப் பேர் உழைப்பு மறைந்து கிடக்கின்றது? இவ்வினாக்களை ஆய்வேட்டின் முதற்பக்கத்தை எழுதும் நாளில் ஒவ்வொருவரும் தமக்குள் எழுப்பிக்கொள்ளுதல் நலம். பின்னுரை எழுதுவதற்கு எல்லார்க்கும் காலம் வாய்ப்பதில்லை. வாய்த்தாலும், அதனைப் படிக்க உரியவர் இருப்பதில்லை.